அம்மாவின் சர்க்கரையும் என் கைப்பேசியும்: தோட்டத்து டவுனில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போன தீபாவளிக்கு முந்தின வாரம், அம்மாவின் சர்க்கரை மானி 14.2 என்று காட்டியது. அம்மா சிரித்தார். "யூடியூப்ல அந்த டாக்டர் 180 வரைக்கும் பரவாயில்லைன்னு சொன்னார்ல. எனக்கு வெறும் 14 தானே" என்று சொல்லிவிட்டு அதிரசத்துக்கு மாவு பிசையப் போய்விட்டார். நானும் தலையாட்டினேன். அந்த 14.2, தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 256 என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இப்போது இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன. நான் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மருத்துவம் படித்தவள் இல்லை. அந்த 14.2க்குப் பிறகு எட்டு மாதம் தட்டுத்தடுமாறிக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கைப்பேசி வரிசையில் நிற்கும், தேதியை நினைவில் வைக்கும், பொய்யைக் கண்டுபிடிக்கும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் கிளினிக்கின் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டாமல் படியுங்கள்.

1. முதலில் கைப்பேசி எண்ணைக் காப்பாற்றுங்கள்

செயலி எல்லாம் அப்புறம். அம்மாவின் பிரீபெய்ட் எண் டாப்-அப் செய்யாமல் காலாவதியாகிப் போனது எங்களுக்கு ஒரு மாதம் தெரியவில்லை. கிளினிக்கில் பதிந்திருந்தது அந்த எண்தான். தேதி மாற்றச் செய்தி யாருக்குப் போனதோ! இரண்டு காரியம் செய்யுங்கள். பெரியவர்களின் எண்ணுக்கு எப்போது காலாவதி என்று பார்த்து, உங்கள் நாட்காட்டியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள். அடுத்த தடவை கிளினிக் முகப்பில், உங்கள் எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, காசும் கிடையாது.

2. தாள்களைப் படம் எடுங்கள்

அம்மாவின் தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பாதி ஈரம், பாதி கரப்பான் தின்றது. தேவையானவை இவை: மைகார்டு (அடையாள அட்டை) இரண்டு பக்கம், கிளினிக் புத்தகம், தவணை அட்டை, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையில் படுத்து வந்திருந்தால் வெளியேறும்போது தந்த கடிதம். ஜன்னல் பக்கம் மேசையில் வைத்து, நிழல் விழாமல், ஒரு தாளுக்கு ஒரு படம். எல்லாவற்றையும் 'அம்மா கிளினிக்' என்று ஒரே ஆல்பத்தில் போடுங்கள். தேதி தெரியாத முடிவுத்தாளால் பயன் இல்லை. தேதி படத்தில் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

தவணை அட்டையில் 'டி.சி.ஏ.' என்று எழுதி ஒரு தேதி இருக்கும். மறுபடி வரவேண்டிய நாள் என்று அர்த்தம். நான் ரொம்ப நாள் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

மருந்துப் பையின் ஒட்டுச்சீட்டையும் படம் எடுங்கள். அதில் உள்ள மலாய் நம் பெரியவர்களுக்குத் தெரியும்; எழுத்துதான் கண்ணுக்குத் தெரியாது. 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பிடுமுன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பின். படத்தை விரலால் விரித்துக் காட்டினால் அவர்களே படித்துக்கொள்வார்கள். அம்மா ஒரு மாத்திரையை ஆறு மாதமாக மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவந்தது இப்படித்தான் பிடிபட்டது.

ஓர் எச்சரிக்கை: மைகார்டு படத்தைக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். எங்காவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதையும் தேதியையும் படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

3. மைசெஜாத்ராவை மறுபடி திறங்கள்

கோவிட் காலத்தில் கடைக்குக் கடை ஸ்கேன் செய்தோமே, அதே செயலிதான். பலர் அழித்துவிட்டார்கள். இப்போது அதில் அரசாங்கக் கிளினிக்குகளுக்குத் தவணை எடுக்கலாம். கைப்பேசி எண் அல்லது மின்னஞ்சலைக் கொண்டு பதியவேண்டும், மைகார்டு எண் கையில் இருக்கட்டும். கைப்பேசி பழகாத அம்மா அப்பாவை உங்கள் கணக்கிலேயே சார்ந்திருப்பவராகச் சேர்க்கலாம். பெயர் மைகார்டில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். 'அ/பெ' (இன்னார் மகள்), 'அ/லெ' (இன்னார் மகன்) விஷயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தவணைப் பகுதியில் மாநிலம், மாவட்டம், கிளினிக், சேவை, நாள், நேரம் என்று தேர்ந்தெடுத்துப் போங்கள். உங்கள் கிளினிக் பட்டியலில் வரவில்லை அல்லது இடம் காலி இல்லை என்றால் பழைய முறைதான்: நேரில் போய் எண் எடுப்பது. ஏற்கெனவே டி.சி.ஏ. தேதி இருப்பவர்கள் செயலியில் புதிதாக ஒன்று போட்டு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செயலியைக் கைப்பேசியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். 'சுகாதார அமைச்சிலிருந்து பேசுகிறோம், இந்த இணைப்பைத் தட்டி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று புலனத்தில் யாராவது கோப்பு அனுப்பினால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வைத்த கண்ணி. தட்டிவிட்டீர்களா? வங்கிக்கும் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே அழையுங்கள்.

வீட்டில் இணையம் சரியில்லை, செய்து தர ஆள் இல்லை என்றால் அருகில் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பு பெடி என்று இருந்தது. அங்கே கணினியும் இணையமும் உண்டு, சொல்லித்தரப் பணியாளர்களும் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கும் இடத்துக்கு 'நாடி' என்று பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

4. கிளினிக் போகும் நாள்

குடிமக்களுக்குச் சாதாரணச் சிகிச்சைக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). 60 வயது ஆனவர்களுக்கு அதுவும் இல்லை, மைகார்டு போதும். மருந்தும் ரத்தப் பரிசோதனையும் அதற்குள் அடக்கம். உண்மையான செலவு போக்குவரத்தும் ஒரு நாள் சம்பளமும்தான். காலை 8 மணிக்குத் திறக்கும் கிளினிக்குக்கு 10 மணிக்குப் போனால் மதியம் வரை உட்காரவேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுக்கும் நாளில் 'புவாசா' இருக்கச் சொல்வார்கள். முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு வேறு எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் குடிக்கலாம். எத்தனை மணி நேரம் என்று அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய தப்பு ஒன்று நடக்கிறது: வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பது. அன்று காலை எந்த மருந்தை நிறுத்தவேண்டும், எதைப் போடலாம் என்பதை முந்தைய தவணையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்; ரத்தம் எடுத்த உடனே சாப்பிட்டுவிடலாம்.

டாக்டரைப் பார்க்கும் நேரம் குறைவு. உள்ளே போனதும் மறந்துவிடும். அதனால் மூன்று கேள்வியைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு, திரையை அப்படியே நீட்டுகிறேன். யாரும் கோபித்ததில்லை.

5. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மலேசியாவில் சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறார்கள். தமிழ்நாட்டில் மில்லிகிராமில். நாம் தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளி. அதனால் அவர்கள் சொல்லும் எண்ணும் நம் மானி காட்டும் எண்ணும் ஒட்டவே ஒட்டாது. கணக்கு சுலபம்: நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண். அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண். 4 என்பது 72. 7 என்பது 126. 11.1 என்பது 200. அவர்கள் சொல்லும் 180 நமக்கு 10.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இங்கே பொதுவாகச் சொல்லும் இலக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 வரை. ஆனால் வயது, சிறுநீரகம், இதயம் இவற்றைப் பார்த்து ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு, கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் இரண்டு நாட்டிலும் சதவீதம்தான், அதில் குழப்பம் இல்லை.

மற்ற முடிவுகளிலும் இதே வம்பு உண்டு, கணக்குதான் வேறு. கொழுப்பு நம் தாளில் 5.2 என்றால் அங்கே 200. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் நம் தாளில் 88 என்றால் அங்கே 1.0. என் சித்தி தன் தாளில் 97 என்று பார்த்து, காணொளியில் '1.2க்கு மேல் போனால் ஆபத்து' என்று கேட்டு, டயாலிசிஸ்தான் என்று முடிவு கட்டி ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். அந்த 97, அவர்கள் கணக்கில் 1.1 தான். ஆக, எந்த எண்ணைப் பார்த்தாலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் அலகை முதலில் பாருங்கள்.

சென்னைக்குப் போன உறவினர் அன்பாக ஒரு மானி வாங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பயன்படுத்தாதீர்கள். எண் மில்லிகிராமில் வரும், அதில் செருகும் சோதனைப் பட்டையும் இங்கே கிடைக்காமல் போகலாம்.

ரத்த அழுத்தத்துக்கு அலகுத் தொல்லை இல்லை, அளக்கும் முறைதான் தொல்லை. மோட்டாரில் வந்து இறங்கி, கோப்பி குடித்துக்கொண்டே அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். கோப்பி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கவேண்டும். முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கருவியின் கைப்பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை அளந்து இரண்டையும் குறியுங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். ஒரே ஒரு நாள் ஏறியதற்காக மாத்திரையை நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள்.

எழுதிவைக்கப் புதுச் செயலி வேண்டாம். நான் மூன்று செயலி இறக்கி மூன்றையும் விட்டேன். புலனத்தில் அம்மாவும் நானும் மட்டும் உள்ள ஒரு குழு; அம்மா மானியைப் படம் எடுத்து அனுப்புகிறார், தேதியும் நேரமும் தானாக விழுகிறது. டாக்டர் கேட்டால் விரலால் தள்ளிக் காட்டினால் போதும்.

6. கருவி வாங்குவது

சர்க்கரை மானிக்கு நான் கொடுத்தது 100 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. மானி மலிவாகக் கிடைத்தாலும் பட்டைதான் மாதா மாதம் காசைத் தின்னும். வாங்குமுன் 50 பட்டை என்ன விலை, டவுன் மருந்தகத்தில் எப்போதும் இருக்குமா என்று கேளுங்கள். பட்டைப் பெட்டியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். ரத்த அழுத்தக் கருவி மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும். கையின் சுற்றளவுக்குப் பொருந்தாத கைப்பட்டை தப்பான எண்ணைக் காட்டும். கை பருத்தவர்கள் பெரிய கைப்பட்டை கேட்டு வாங்குங்கள்.

'ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் கடிகாரம்' என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். மாமா ஒன்று வாங்கினார். எந்த நேரம் பார்த்தாலும் 5.6. சந்தேகப்பட்ட அவர் பையன் அதைக் கழற்றி ஒரு மரவள்ளிக் கிழங்கில் கட்டினான். கிழங்குக்கும் 5.6! சிரிப்பு ஒரு பக்கம். அதை நம்பி மாமா மூன்று வாரம் மாத்திரையை விட்டிருந்தார். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் நம்பவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

7. மருந்து தீரும் நாள்

நீண்டநாள் மருந்துக்கு டாக்டர் சில மாதங்களுக்குச் சேர்த்து எழுதினாலும், மருந்தகம் பெரும்பாலும் மாதா மாதம்தான் கொடுக்கும். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போது கைப்பேசி கூவட்டும். மாத்திரையை எண்ணிப் பார்க்கும் வேலையைக் கடைசி நாளுக்கு வைத்தால், அது பொது விடுமுறையாகத்தான் இருக்கும்.

வரிசையைத் தவிர்க்க அரசாங்க மருந்தகங்களில் வழிகள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மைஉபாட் செயலியில் மருந்து எடுக்கும் நாளைப் பதியலாம். அஞ்சல் வழியாக வீட்டுக்கே அனுப்பும் சேவைக்கு 'உபாட் மெலாலுய் போஸ்' என்று பெயர். அஞ்சல் கட்டணம் நம்முடையது, குளிரில் வைக்கவேண்டிய இன்சுலின் போன்றவை இதில் வராது. அப்புறம் 'ஸ்புப்'. ஈப்போ பெரிய மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பவர்கள், மாதாந்தர மருந்தை மட்டும் தங்கள் ஊர் அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. எங்களுக்கு மிகவும் உதவியது இதுதான். டாக்டரைப் பார்த்த அன்றே அங்குள்ள மருந்தகத்தில் 'ஸ்புப் வேண்டும், சுங்கை சிப்புட்டில் எடுக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நினைவு வந்தால் மறுபடி ஈப்போவுக்கு ஓடவேண்டும், நான் ஓடினேன்.

8. முகநூலில் விற்கும் 'அற்புத' மருந்து

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்றது போய் இப்போது முகநூலிலும் டிக்டாக்கிலும் விற்கிறார்கள். கோப்பி, தேன், கசாயம், கேப்சூல். 'மூன்று மாதத்தில் இனிப்புநீர் போய்விடும்' என்று விளம்பரத்தில் பார்த்தாலே விலகிவிடுங்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதற்கே தடை இருக்கிறது. தைரியமாக அதைச் செய்கிறவன் போத்தலுக்குள் எதைப் போட்டிருப்பான்?

பதிவான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' (N) என்றால் சத்துப்பொருள். இந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில், குவெஸ்ட்3 பிளஸ் தேடல் பகுதியில் தட்டுங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. பொருளின் பெயரும் உரிமையாளர் பெயரும் பெட்டியில் உள்ளதோடு பொருந்தவேண்டும். வேறு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு என்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சோதனைகளில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் வலி பறந்துபோகும், சர்க்கரை ஏறும்.

சாப்பாட்டு ஆலோசனைக்கும் இதே கண். கம்பு, வரகு, சாமை என்று காணொளியில் அடுக்குகிறார்கள். நம் டவுனில் அதன் விலையைப் பார்த்தால் ரத்தக்கொதிப்புதான் ஏறும். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும்.

9. இன்னும் பரிசோதனையே செய்யாதவர்களுக்கு

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஏறக்குறைய 6 பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்புநீர். நீங்கள் 40 வயதைத் தாண்டியவர், உங்களுக்கோ கணவன் அல்லது மனைவிக்கோ எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை வருகிறது என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பேக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்யலாம். அத்திட்டத்தின் இணையத்தளத்தில் மைகார்டு எண்ணைப் போட்டால் தகுதி உண்டா என்று காட்டும், பங்கெடுக்கும் தனியார் கிளினிக்குகளின் பட்டியலும் அங்கேயே உண்டு. முன்கூட்டியே அழைத்து நாள் கேளுங்கள், மைகார்டு எடுத்துப் போங்கள். இரண்டு தடவை போகவேண்டும்: முதல் தடவை ரத்தம், சிறுநீர் எடுப்பார்கள், இரண்டாம் தடவை முடிவைச் சொல்வார்கள். நம் ஆட்களில் பலர் இரண்டாம் தடவை போவதே இல்லை. 'கூப்பிடலை, அப்போ ஒண்ணும் இருக்காது' என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: கண் லென்ஸ், இதய ஸ்டென்ட் போன்றவற்றுக்கு இதே திட்டத்தில் உதவி இருக்கிறது, அதைக் கேட்க இந்தப் பரிசோதனை முதலில் முடிந்திருக்கவேண்டும்.

10. கைப்பேசியில் தேடக்கூடாத நேரம்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். இவற்றில் எது வந்தாலும் கூகளையும் சித்தப்பாவையும் கேட்காமல் 999. தோட்டத்துக்குள் இருப்பவர்கள் வண்டி வரும் வழியைச் சொல்ல அடையாளம் தயாராக வைத்திருங்கள். பழைய லயன் (தோட்டத்து வரிசை வீடுகள்) பகுதிகளுக்கு வரைபடத்தில் சரியான பெயர் இருப்பதில்லை. இருப்பிடத்தைப் பகிர்வது எப்படி என்று இன்றே ஒரு தடவை செய்து பாருங்கள். மருந்தைத் தவறாக அதிகம் சாப்பிட்டுவிட்டால், பிள்ளைகள் மருந்தை விழுங்கிவிட்டால், பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையம்: 1-800-88-8099. ஆள் மயங்கிவிட்டால் அதுவும் 999 தான்.

சர்க்கரை 4க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இந்த எண்களையும், அம்மாவின் மருந்துப் பெயர்களையும், வீட்டுக்கு வரும் வழியையும் ஒரு தாளில் தடித்த பேனாவால் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு ஒட்டியது. அம்மா அதன் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: '14ன்னா 252.'